தெற்கு பெலீஸில் மாயா ஊர்கள் வரைந்த வரைபடமும் உஷ்பெங்கா தொல்லிடமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெலீஸ் நாட்டின் தென்கோடி மாவட்டம் டொலீடோ. மேற்கிலும் தெற்கிலும் குவாத்தமாலா, கிழக்கே கரீபியக் கடல், வடக்கே மாயா மலைத்தொடர். மொப்பான், கெக்சி என்ற இரண்டு மாயா மொழிகளைப் பேசும் ஊர்கள் இங்கே உள்ளன. பின்னாளில் நீதிமன்றம் ஏறியபோது அவை 38 என்று கணக்கு. நிலம் ஊருக்குப் பொது. எந்தக் குடும்பம் எங்கே காடு வெட்டலாம் என்பதை ஊர்க்கூட்டமும், அல்கால்தே எனப்படும் தேர்ந்தெடுத்த ஊர்த்தலைவரும் பேசி முடிவு செய்வார்கள். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மக்காச்சோளம் ஊன்றுவது. ஓரிரு போகத்துக்குப் பிறகு பல ஆண்டுகள் தரிசு விடுவது. மில்பா என்ற இந்த முறையை இலங்கை வாசகர்கள் சேனைப் பயிர்ச்செய்கையை நினைத்துப் புரிந்துகொள்ளலாம். தரிசில் மீண்டும் எழும் புதர்க்காட்டுக்கு அங்கே வாமில் என்று பேர். முதலில் வெட்டியவருக்கு அந்த வாமில்மேல் பாத்தியதை உண்டு. ஆனால் பட்டா என்று எவர் கையிலும் ஒரு தாளும் இல்லை.

பிரிட்டிஷ் ஆட்சியில் மாயாக்களுக்கென்று பத்து காப்புநிலங்கள் ஒதுக்கப்பட்டன. ஊர்களில் ஏறத்தாழப் பாதி அந்த எல்லைகளுக்கு வெளியே இருந்தன. வெளியே இருந்தவை சட்டத்தின் கண்ணில் புறம்போக்கில் குடியிருப்பவை. 1981-ல் நாடு விடுதலை பெற்ற பிறகும் இந்த நிலை மாறவில்லை.

1993 முதல் அரசு மரம் வெட்ட உரிமங்கள் கொடுக்கத் தொடங்கியது. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் பின்னர் பதிவு செய்த கணக்குப்படி 17 உரிமங்கள், சுமார் 4,80,000 ஏக்கர். காப்புநிலமும் அதில் அடக்கம். 1994-ல் சார்ஸ்டூன்–டெமாஷ் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டி வாழ்ந்த ஊர்களுக்குச் சேதி பிறகுதான் எட்டியது. இரண்டுக்கும் அடிப்படையாக இருந்த அரசு வரைபடங்களில் ஊர்கள் சிறு புள்ளிகளாகவும் மற்றதெல்லாம் காடாகவும் இருந்தன. ஆளில்லாத காடு என்று அதிகாரிகள் நினைத்ததற்கு அந்தத் தாளே போதுமான காரணம்.

தொல்லியலும் அதே படத்தைத்தான் வேறு வகையில் காட்டியது. லுபாந்துன், நிம் லி புனித், புசில்யா, உஷ்பெங்கா ஆகிய பழைய மாயா நகரங்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. தொல்லியலாளர்கள் நகரத்தின் நடு முற்றங்களை அளந்தார்கள், செதுக்குக் கற்பலகைகளைப் படித்தார்கள், 9ஆம் நூற்றாண்டோடு கதையை முடித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் இப்பகுதியில் வாழ்ந்த மன்சே சோல் மக்களை ஸ்பானியர் மலைநாட்டுக்குப் பெயர்த்துக்கொண்டு போனதும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மொப்பான்களும் கெக்சிகளும் குவாத்தமாலாவிலிருந்து வந்ததும் வரலாறு. இரண்டையும் சேர்த்து, "இப்போது இருப்பவர்கள் வந்தேறிகள், இடிபாடுகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை" என்று வாதிட அரசுக்கு எளிதாக இருந்தது. ஆய்வேட்டில் தீங்கற்றதாகத் தோன்றும் "கைவிடப்பட்டது" என்ற ஒரு குறிப்பு வழக்கில் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தரையில் கவனித்தவை

ஊர்க்காரர்களின் நில அறிவு, நில அளவைத் தாளின் மொழியில் இல்லை என்பதுதான் முதல் சிக்கல். கோஹுனே பனை அடர்ந்த இடம் கொழுத்த மண் என்று பார்த்தவுடன் சொல்வார்கள். அங்கே மில்பா போட்டால் விளையும். ஆற்றங்கரையின் ஈரநிலத்தில் எரிக்காமல், வெட்டிய புல்பூண்டை மூடாக்காக விட்டு, நவம்பர்–டிசம்பரில் ஊன்றி இன்னொரு சோளப் போகம் எடுப்பார்கள். ஒரே துண்டு நிலம் பிப்ரவரியில் காடு, மே மாதம் கரிந்த வெளி, செப்டம்பரில் கதிர், ஐந்தாண்டு கழித்து ஆள் நுழைய முடியாத புதர். எந்த ஆண்டின் நிலையை வரைபடத்தில் போடுவது? வான்படத்தைப் பார்த்து வரைபவர் அன்றைக்குத் திறந்திருந்த வயலை மட்டுமே "விவசாயம்" என்று தீட்டுவார். பயன்பாட்டில் இருக்கும் நிலத்தின் பெரும்பகுதி தரிசில் கிடக்கும். அது காட்டுக் கணக்கில் போய்விடும்.

அடுத்தது, எல்லை. பக்கத்து ஊர்களுக்கு நடுவே பயிர் நிலத்துக்கு ஓர் ஓடையோ குன்றோ பெரிய மரமோ எல்லை. வேட்டைக்கும், பின்னற்கொடி, மருந்துச் செடி எடுப்பதற்கும் அந்த எல்லை செல்லாது. இரண்டு ஊர் ஆட்களும் ஒரே காட்டில் நடப்பார்கள்.

குன்றுகளும் குகைகளும் இன்னொரு வகை. கெக்சிகளுக்கு மலையும் பள்ளத்தாக்கும் ட்சூல்தாகா என்ற தெய்வத்தின் உடைமை. விதைப்புக்கு முன் கோபல் பிசினைப் புகைத்து அனுமதி கேட்கிறார்கள். குகைகளில் படையல் வைக்கும் வழக்கம் பழைய மாயாக்களிடமும் இருந்தது. குகைத் தரையில் கிடக்கும் பானையோடுகளே அதற்குச் சான்று. ஆகவே எந்தக் குன்று பேசும் குன்று, எந்தக் குகையில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்பதெல்லாம் தொல்லியலுக்கு நேரடியாக உதவும் செய்தி. அதே செய்தி அச்சில் வந்தால் கல் திருடர்களுக்கும் அது வழிகாட்டி.

இடிபாட்டு மேடுகளை ஊரார் நன்றாகவே அறிந்திருந்தார்கள். சாந்தா குரூஸ் என்ற மொப்பான் ஊரை ஒட்டியுள்ள உஷ்பெங்கா 1984-ல்தான் தொல்லியல் துறையின் பதிவேட்டில் ஏறியது. அந்த மேடுகளின் நடுவே மில்பா போட்டவர்களுக்கு அது அதற்கு முன்பே தெரிந்த இடம். குன்றுகளின் உச்சியைச் சமப்படுத்தி, அதன்மேல் முற்றமும் மேடைகளும் கட்டிய நகரம் அது. தட்டையான குன்றுச்சி இயற்கையில் அமைவதில்லை என்பதை அங்கே காடு வெட்டிய எவரும் சொல்வார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

1990-களின் நடுவில் டொலீடோ மாயா பண்பாட்டு மன்றமும் அல்கால்தேக்களின் சங்கமும் சேர்ந்து, ஊர்களே தம் நிலத்தை வரைவது என்று முடிவு செய்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் புவியியலாளர்களும் பழங்குடியினருக்காக வாதிடும் சட்ட மையம் ஒன்றும் துணை நின்றன. ஒவ்வோர் ஊரும் தன் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவர்கள் பயிற்சி பெற்று, ஊர் திரும்பி, வீடு வீடாகக் கேட்டு, கூட்டத்தில் வைத்துத் திருத்தி வரைந்தார்கள். பயிர்நிலம், வேட்டைக்காடு, மீன்பிடி இடம், மருந்துச் செடி, பழஞ்சின்னம் எல்லாம் ஒரே தாளில் ஏறின. இவற்றின் தொகுப்பு 1997-ல் "மாயா அட்லஸ்" என்று நூலாக வந்தது. அதற்கு முன்பே, 1996 டிசம்பரில், மரம் வெட்டும் உரிமங்களை எதிர்த்து வழக்கும் போட்டாயிற்று.

வெளியிலிருந்து அளவையாளரை அழைத்து வந்து துல்லியமாக அளக்காமல், ஊராரே வரைவது என்ற முடிவுக்கு நடைமுறைக் காரணமும் உண்டு. அன்றைய கருவி நிலையைப் பார்த்தால் இது விளங்கும். பெலீஸுக்குக் கிடைத்த அடிப்படைத் தாள்கள் 1:50,000 அளவில் பிரிட்டிஷார் போட்டவை. தாளில் 1 மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக்கோடே 25 மீட்டர் அகலம். ஜிபிஎஸ் கருவி இருந்தாலும், 2000 மே மாதம் வரை அமெரிக்க ராணுவம் பொதுப் பயன்பாட்டுச் சமிக்ஞையை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தது. பிழை 100 மீட்டர் வரை போகும். ஓரிடத்தில் நின்று பத்து நிமிடம் சராசரி எடுத்தாலும் பெரிதாகப் பலனில்லை, ஏனென்றால் அந்தப் பிழை நிமிடக்கணக்கில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். தெரிந்த புள்ளியில் இரண்டாவது கருவியை நிறுத்தித் திருத்தம் போட்டால்தான் சரியாகும். அடர்காட்டில் கூரை மூடியிருப்பதால் சமிக்ஞையே கிடைக்காது. ஓடைப் படுகையிலோ எரித்த வயலிலோதான் வானம் தெரியும்.

இதைவிட அடிக்கடி ஆட்களைக் கவிழ்க்கும் பிழை ஒன்று உண்டு. இருப்பிட எண்களை எந்த அடிப்படையிலிருந்து கணக்கிடுவது என்பதற்கு ஆதாரத் தளம் என்று பேர். அந்தத் தாள்கள் 1927-ம் ஆண்டு வட அமெரிக்க ஆதாரத் தளத்தில் அமைந்தவை. ஜிபிஎஸ் கருவி தானாகக் காட்டுவது 1984-ம் ஆண்டு உலக ஆதாரத் தளம். மாற்றாமல் எண்ணை அப்படியே தாளில் குறித்தால் புள்ளி வடக்கு–தெற்காகச் சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். தாளில் அது 4 மில்லிமீட்டர். எல்லை ஓடையின் அக்கரைக்கே ஒரு குடும்பத்தின் வயல் போய்விடப் போதும். கண்ணுக்குத் தவறாகத் தெரியாத அளவு சின்னது என்பதுதான் ஆபத்து. "ஓடைக்கு இப்பால், பெரிய சேபா மரத்துக்கு மேற்கே" என்ற ஊராரின் நான்கெல்லை வாசகம், அந்தக் காலத்துக் கருவியைவிட நம்பத்தக்கதாக இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

2000-களில் வழக்கு மறுபடி எடுக்கப்பட்டபோது இன்னொரு முடிவு தேவைப்பட்டது. முழு மாவட்டத்தையும் முன்வைக்காமல் சாந்தா குரூஸ், கொனேஹோ என்ற இரண்டு ஊர்களை மட்டும் முதலில் முன்னிறுத்தினார்கள். ஒன்று மொப்பான், மற்றது கெக்சி. அட்லஸின் விரிந்த தாள் மாயாக்கள் அங்கே இருக்கிறார்கள் என்று உலகுக்குக் காட்டப் போதும்; "இந்த நிலம் இந்த ஊருடையது" என்று நீதிமன்றம் எழுத, அண்டை ஊர்கள் ஒத்துக்கொண்ட எல்லை வேண்டும். வரலாற்றாய்வாளர்களும் மானிடவியலாளர்களும் வாக்குமூலம் கொடுத்தார்கள்: நில வழக்காறு எப்படி இயங்குகிறது, சோல், மொப்பான், கெக்சி மக்களுக்கு இடையே மணவுறவும் கலப்பும் எப்படி இருந்தன என்று. "கைவிடப்பட்ட நிலம்" என்ற வாதத்துக்குப் பதில் இங்கிருந்துதான் வந்தது.

பின்விளைவுகள்

2004-ல் மனித உரிமை ஆணையம் மாயாக்களுக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. 2007 அக்டோபர் 18 அன்று பெலீஸ் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அப்துலாய் கான்டே இரு ஊர்களின் வழக்காற்று உரிமையும் அரசமைப்புச் சட்டம் காக்கும் சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் வெளியாகி அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதையும் தீர்ப்பில் எடுத்தாண்டார். 2010-ல் டொலீடோவின் மற்ற மாயா ஊர்களுக்கும் அதே உரிமை நீட்டிக்கப்பட்டது. 2013-ல் மேல்முறையீட்டு மன்றம் உரிமையை ஒப்புக்கொண்டது, ஆனால் எல்லையிட்டுத் தரவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்றது. 2015 ஏப்ரல் 22 அன்று கரீபிய நீதி மன்றத்தில் இரு தரப்பும் உடன்பட்டு ஆணை பதிவாயிற்று: நிலத்தை அடையாளம் கண்டு காக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், அதுவரை அதைப் பாதிக்கும் செயல்களிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

ஆணை வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உஷ்பெங்கா தொல்லிடத்துக்குள் ஊரின் ஒப்புதல் பெறாமல் மாயா அல்லாத ஒருவர் வீடு கட்டியிருந்தார். வீட்டுக்கு வண்டிப்பாதை போட இயந்திரம் வைத்து மண்ணை வெட்டியபோது பிரச்சினை முற்றியது. காவல்துறைக்கும் தொல்லியல் அதிகாரிகளுக்கும் முன்பே முறையிட்டிருந்ததாக ஊர்த் தரப்பு சொன்னது. 2015 ஜூன் 20 அன்று ஊர்க்கூட்டத்தில் அவரைப் பிடித்து விலங்கிட்டு வைத்தார்கள். நான்கு நாள் கழித்து விடியற்காலையில் போலீஸ் வந்து 13 பேரைக் கைது செய்தது. ஊரார் இனப்பாகுபாடு காட்டினார்கள் என்ற எதிர்க்குற்றச்சாட்டும் எழுந்து, விவாதம் நாடு முழுவதும் பரவியது. 2016-ல் 13 பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

விலங்கிட்டது சரியா என்ற கேள்வி தனியே நிற்கட்டும். நிலம் யாருடையது என்ற குழப்பத்தின் வடிவம்தான் இந்த ஆய்வுக்கு முக்கியம். பெலீஸ் சட்டப்படி பழஞ்சின்னங்கள் எந்த நிலத்தில் இருந்தாலும் அரசுக்கே உரியவை. அவை நிற்கும் நிலமோ, நீதிமன்ற ஆணைப்படி, ஊருக்கு உரியது. மேடு அரசினுடையது, மேட்டைத் தாங்கும் மண் ஊரினுடையது. அந்த மண்ணில் ஒருவர் வீடு கட்ட "கூடாது" என்று சொல்ல வேண்டியவர் யார்? ஊரின் வரைபடத்தில் உஷ்பெங்கா ஒரு குறி. தொல்லியலாளரின் வரைபடத்தில் முற்றங்களும் மேடைகளும் உண்டு, அல்கால்தேயின் ஆட்சி எல்லை இல்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு ஒரு விதி எழுதும் வேலை நடக்கவில்லை. அட்லஸ் மரக் கம்பெனியை எதிர்க்க வரையப்பட்டது. வெளி எல்லையைக் காப்பதே அதன் நோக்கம். உள்ளே ஒரு வீட்டுமனைத் தகராறு வரும் என்று அன்று எவரும் கணக்கிட்டிருக்க முடியாது.

2016-ல் அரசு மாயா நில உரிமை ஆணையம் அமைத்தது. ஊர்களின் முன்கூட்டிய ஒப்புதலைப் பெறும் நடைமுறை நெறி 2022-ல்தான் அரசின் ஏற்பைப் பெற்றது.

வேறொரு பின்விளைவும் உண்டு, இது மெதுவாக வந்தது. வழக்குக்காக ஊர்களுக்கு நடுவே கோடு போட்டாக வேண்டியிருந்தது. முன்பு இரண்டு ஊர் ஆட்களும் நடந்த வேட்டைக்காடு இப்போது ஏதாவது ஒரு பக்கம் விழ வேண்டும். நீதிமன்றத்துக்குப் புரியும் மொழி அதுதான் என்பதால் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனாலும் எதிர்ப்பு வரைபடம் வரைபவர்கள் தாம் எதிர்க்கும் சொத்துமுறையின் வடிவத்தையே கடன் வாங்குகிறார்கள் என்று புவியியலாளர்கள் சிலர் சொன்ன விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது.

லைடார் வந்த பிறகு

2011-ல் உஷ்பெங்கா மீது விமானத்திலிருந்து லைடார் அளவை எடுக்கப்பட்டது. லேசர் துடிப்புகள் இலைகளின் இடுக்கில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும். தரைப்புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்தால் காட்டை உரித்தாற்போல நிலவடிவம் கிடைக்கும். குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் 2,144 சதுர கிலோமீட்டரில் 61,480 கட்டுமானங்கள் தெரிந்ததாக 2018-ல் அறிவிக்கப்பட்டது இதே முறையில்தான். அப்போது "தொலைந்த நகரங்கள் கிடைத்தன" என்று செய்திகள் வந்தன. அந்தக் காட்டில் சூயிங்கம் செய்ய உதவும் சிக்கிள் பிசின் எடுத்தவர்களைக் கேட்டிருந்தால், அவற்றில் சில தொலையவே இல்லை என்று சொல்லியிருப்பார்கள்.

டொலீடோவில் லைடாருக்குத் தனிச் சிக்கல். முதிர்ந்த காட்டில் நிழல் மிகுதி, அடியில் புதர் குறைவு. துடிப்பு தரைக்குப் போய்விடும். வாமிலில் கதை தலைகீழ். மூன்று முதல் ஏழாண்டுத் தரிசில் ஓராள் உயரத்துக்குப் புதர் நெருங்கி நிற்கும். துடிப்பு இலையிலேயே முட்டித் திரும்பும். கணினி அந்தப் புதர்மட்டத்தையே தரை என்று வகைப்படுத்திவிடும். அரை மீட்டருக்கும் குறைவான வீட்டு மேடுகள் அதில் அமுங்கிப் போகும். வெட்டிக் குவித்த செத்தை மேடாகத் தோன்றுவதும் உண்டு. கோயில் மேடுகள் எப்படியும் தெரியும், சாதாரண குடியானவர்களின் வீட்டு மேடுகள்தான் காணாமல் போகும். மக்கள்தொகைக் கணக்கு பிழைப்பது இங்கேதான்.

மாற்ற வேண்டியவை

லைடார் படத்தை வெறுமனே பார்க்காமல், தரிசின் வயதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எந்த வாமில் யாருடையது, கடைசியாக எந்த ஆண்டு எரித்தது என்பதை ஊர்க்குடும்பங்கள் சொல்லும். அதை ஒரு தனி அடுக்காகப் போட்டு, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை தரைப்புள்ளி விழுந்தது என்ற அடுக்கோடு வைத்தால், "மேடு இல்லை" என்ற இடத்தையும் "லேசர் புகவில்லை" என்ற இடத்தையும் பிரித்தறியலாம். புகாத இடங்களில் ஏப்ரல்–மே மாதம், எரித்த பிறகு, முதல் மழைக்கு முன் நடந்து பார்க்க வேண்டும். அந்தச் சில வாரங்கள்தான் தரை வெறுமையாக இருக்கும். மழை விழுந்து சோளம் முளைத்தால் அந்த ஆண்டு வாய்ப்பு போயிற்று. வயலுக்கு உரியவரிடம் கேட்காமல் நுழைவது கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊர் வரைபடத்தில் பொதுக்காட்டைக் கோட்டால் வெட்டாமல் பட்டையாகக் காட்டி, அதற்குள் எந்த ஊர் எதை எடுக்கலாம் என்று இரு அல்கால்தேக்களும் ஒப்பமிட்ட குறிப்பு சேர்க்கலாம். நீதிமன்றம் கோடு கேட்டால் அந்தப் பட்டையின் இரு விளிம்புகளையும் கொடுக்கலாம். ஒவ்வொரு பரப்புக்கும் எந்தப் பருவத்தில், எந்த ஆண்டு வரைந்தது என்ற தேதி வேண்டும். தாளின் ஓரத்தில் ஆதாரத் தளத்தின் பெயர் கட்டாயம். அது இல்லாத எண்ணைப் பத்து ஆண்டு கழித்து யாராலும் பயன்படுத்த முடியாது.

தொல்லிடம் வெறும் குறியாக நிற்கக் கூடாது. உஷ்பெங்கா போன்ற இடத்துக்கு நடு முற்றங்களும் அதைச் சுற்றிய குடியிருப்பு மேடுகளும் தனித்தனிப் பரப்புகளாக வரையப்பட வேண்டும். நடுப்பகுதியில் வீடு, பாதை, இயந்திரம் எதற்கும் தொல்லியல் துறை, அல்கால்தே இருவரின் எழுத்து ஒப்புதலும் தேவை என்றும், சுற்றுப்பகுதியில் மில்பா தொடரலாம் ஆனால் மண்ணைக் கிளறும் வேலைக்கு முன்னறிவிப்பு வேண்டும் என்றும் எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்துப் பதிவு செய்திருந்தால், 2015-ல் புகாரைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதாவது தெரிந்திருக்கும். மீறியவர் வெளியேற எத்தனை நாள் கெடு, அதற்குள் போகாவிட்டால் யார் நடவடிக்கை எடுப்பார் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

குகைகளுக்கும் தோண்டப்படாத மேடுகளுக்கும் வேறு விதி. வெளியே போகும் வரைபடத்தில் அவற்றை 1 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மட்டும் காட்டி, துல்லியமான எண்களை ஊரின் கோப்பிலும் தொல்லியல் துறையின் பூட்டிய கோப்பிலும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். படையல் இடும் குகையைப் பதிவதா வேண்டாமா என்பதை ஊர் முடிவு செய்யட்டும்; வேண்டாம் என்றால் ஆய்வேட்டிலும் வரக் கூடாது. லைடார் தரவுக்கு இது இன்னும் கடினம். விமானம் பறந்த பிறகு எதை மறைப்பது என்று பேசுவதில் பயன் குறைவு. ஆகவே மூலத் தரவு யாரிடம் இருக்கும், யார் கேட்டால் கொடுப்பது, ஊருக்கு ஒரு பிரதி எந்த வடிவில் வரும் என்ற ஒப்பந்தம், அளவைக்குப் பணம் ஒதுக்கும் முன்பே கையெழுத்தாக வேண்டும். ஊருக்குத் தரும் பிரதி கணினிக் கோப்பாக மட்டும் இருந்தால் போதாது; 1:10,000 அளவில் அச்சிட்டு, ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் மொப்பான், கெக்சிப் பெயர்கள் போட்டு, அல்கால்தே மாறும்போது கைமாற்றிக் கொடுக்கக்கூடிய தாளாகவும் இருக்க வேண்டும்.